புனைகதையில் அறிவியல் உருவகங்கள்: ஒரு திறனாய்வு

அறிவியலின் சொற்கள் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறி இலக்கியத்தினுள் குடிபுகுந்து நெடுங்காலம் ஆகிறது. காந்தம், ஈர்ப்பு, அணுப்பிளவு, சார்பியல், என்ட்ரோபி ஆகிய சொற்கள் சிறுகதையிலும் புதினத்திலும் மட்டுமன்றி நம் பிரசங்க மேடைகளிலும் தாராளமாகப் புழங்குகின்றன. ஆற்றல் அழியாது என்ற விதியைக் காட்டி ஆன்மா அழியாது என்று நிறுவிய பிரசங்கங்களை நாம் கேட்டிருக்கிறோம். ஹைசன்பர்க் 1927இல் வெளியிட்ட நிச்சயமின்மைக் கொள்கையினால் மனிதனின் சுயாதீனம் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டதாக மகிழ்ந்த கட்டுரைகளையும் படித்திருக்கிறோம். எலக்ட்ரானின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய இயலாது என்பதிலிருந்து, ஒருவன் தன் அயலானை மன்னிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை எங்ஙனம் பிறக்கிறது என்பதை அவை விளக்கியதில்லை. விளக்கம் கேட்பாரும் இல்லை. அறிவியலின் பெயரைச் சொன்ன அளவில் சபை தலையசைத்து விடுகிறது.

இத் தலையசைப்பே நாம் இங்கு ஆராய விரும்பும் பொருள். புனைகதையாசிரியர் ஒருவர் அறிவியற் கருத்தொன்றை உருவகமாக்கும்போது அதைப் பிழையின்றிப் புரிந்துகொண்டாரா என்று பார்ப்பதே திறனாய்வாளர் பலரின் வழக்கம். அது தேவையான வேலைதான்; ஆயினும் சிறிய வேலை. அந்த உருவகத்தைக் கதையில் யார் சொல்லுகிறார், அதனால் யார் குற்றத்தினின்று விடுபடுகிறார், அதற்கான விலையை யார் செலுத்துகிறார் என்பவை அதனினும் பெரிய வினாக்கள்.

தொல்காப்பியர் உவமவியலில் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடிப்படையில் உவமை தோன்றும் என்கிறார். எண்ணிப் பார்க்குமிடத்து உவமை உயர்ந்த பொருளின்மேல் அமைய வேண்டும் என்றும் விதிக்கிறார். இந்த இரண்டாவது விதி நமக்குப் பெரிதும் உதவுகிறது. மன்னனுக்கு ஞாயிற்றை உவமை கூறிய காலத்தில் ஞாயிறு உயர்ந்தது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கணவன் மனைவியரின் பிரிவுக்கு வேதியியல் வினையொன்றை உவமை கூறும் காலத்தில், எது உயர்ந்தது? உயிரற்ற பொருள்களின் விதியை மனிதச் செயலுக்கு மேலான இடத்தில் வைக்கும் முடிவு, கதை தொடங்குமுன்னரே எடுக்கப்பட்டுவிடுகிறது. அந்த முடிவை ஓசையின்றி ஏற்றுக்கொள்ளும் கதைகள் உண்டு. அதையே விசாரணைக்கு உட்படுத்தும் கதைகளும் உண்டு.

விசாரணைக்கு உட்படுத்திய நூல்களுள் முதலிடம் பெறத்தக்கது, ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதே தமது அறுபதாம் வயதில், 1809இல், வெளியிட்ட புதினம். அதன் தலைப்பைத் தமிழில் ‘தெரிந்துகொள்ளும் உறவுகள்’ எனலாம். ‘தெரிந்துகொள்ளுதல்’ என்ற சொல் நம் வாசகர்களுக்கு வேறோர் இடத்திலிருந்து, அதாவது தேவனுடைய தெரிந்துகொள்ளுதலைப் பற்றிய போதனையிலிருந்து, பழக்கமானது. அந்த எதிரொலி இங்கே கேட்பதில் தவறில்லை; யார் தெரிந்துகொள்ளுகிறார், தெரிந்துகொள்ளப்படுபவர் மறுக்க முடியுமா என்பதே இப்புதினத்தின் சிக்கலும் ஆகும்.

தலைப்பு கதே உருவாக்கியதன்று. சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் டோர்பெர்ன் பெர்க்மன் 1775இல் எழுதிய ஆய்வுநூலின் தலைப்பு, ஜெர்மன் மொழிபெயர்ப்பின் வழியாக வந்து சேர்ந்தது. எந்தப் பொருள் எந்தப் பொருளை விட்டுவிட்டு எதனோடு சேரும் என்று வரிசைப்படுத்தும் பட்டியல்கள் பதினெட்டாம் நூற்றாண்டு வேதியியலின் பெருமை. பிரெஞ்சு அறிஞர் ஜோஃப்ராய் 1718இல் அத்தகைய பட்டியலை முதன்முதலில் முன்வைத்தார். பெர்க்மன் அதை மிகப் பெரிதாக விரித்தார். இப்பொருள்களின் சேர்க்கை விருப்பத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ‘அஃபினிட்டி’. இலத்தீன மூலத்தில் இச்சொல் இரத்த உறவைக் குறிப்பதன்று. மணத்தினால் உண்டாகும் உறவைக் குறிப்பது. சம்பந்தம் பேசுதல், சம்பந்தி என்னும் வழக்குகளில் நாம் கொள்ளும் பொருளே அது. ஆங்கிலிக்கன் சபையின் பொது ஜெபப் புத்தகத்தில் யார் யாரை மணக்கலாகாது என்று அச்சிட்டிருக்கும் பட்டியலின் தலைப்பிலும் இதே ‘அஃபினிட்டி’ உண்டு. ஆகவே, வேதியியலார் கையில் இருந்த சொல்லே மனித வீட்டிலிருந்து கடன் வாங்கிய உருவகம். கதே அதைக் கடன் கொடுத்தவரிடமே திருப்பிக் கொண்டுவந்தார். நூல் வெளிவருமுன் 1809 செப்டம்பரில் இதழொன்றில் வந்த அறிவிப்பில் ஏறத்தாழ இதையே அவர் கூறியுமிருக்கிறார்: இயற்கையறிவியலார் தம் பொருளை விளக்க ஒழுக்கத்துறையிலிருந்து உவமைகளை எடுப்பதுண்டு, அவ்வுவமையை அதன் பிறப்பிடத்துக்கு மீட்டுச் செல்வதே ஆசிரியரின் கருத்து என்பதாக.

கதையின் நான்காம் அதிகாரத்தில் நிகழும் உரையாடல் புகழ் பெற்றது. செல்வந்தனாகிய எடுவார்ட், இளமையில் விரும்பிய சார்லட்டைப் பிற்பகுதி வாழ்வில்தான் மணக்க முடிந்தது. இருவரும் தங்கள் பண்ணை மாளிகையில் அமைதியாக வாழ்கிறார்கள். வேலையின்றி இருக்கும் நண்பன் காப்டனை எடுவார்ட் வரவழைத்திருக்கிறான். ஒரு மாலை எடுவார்ட் வேதியியல் நூலொன்றை உரக்க வாசிக்கிறான். ‘உறவு’ என்ற சொல் காதில் விழுந்ததும் சார்லட்டுக்குத் தன் உறவினர் இருவரின் கவலை நினைவுக்கு வருகிறது. அவள் கவனம் சிதறுகிறது. சொல்லின் மூலப்பொருளுக்கு இப்படித் தற்செயலாகவே அவள் திரும்பிச் சென்றுவிடுகிறாள்! ஆண்கள் அவளுக்குப் பொறுமையாகப் பாடம் நடத்துகிறார்கள். சுண்ணாம்புக்கல் என்பது சுண்ணமும் வளிவடிவான வலுக்குறைந்த அமிலமும் சேர்ந்தது. அதைக் கந்தக அமிலத்தில் இட்டால் சுண்ணம் கந்தக அமிலத்தோடு சேர்ந்து ஜிப்சம் ஆகிறது, பழைய துணை காற்றில் வெளியேறுகிறது என்று காப்டன் விளக்குகிறான். ஒன்றை விட்டு ஒன்றைத் தெரிந்துகொள்வது போலத் தோன்றுவதால் ‘தெரிவு’ என்ற சொல் பொருந்துகிறதாம்.

சார்லட் எழுப்பும் மறுப்புகள் இப்புதினத்தின் சிறந்த பக்கங்கள் என்பது நம் கருத்து. துரத்தப்பட்ட அந்த வளிக்காக அவள் இரக்கப்படுகிறாள். ஜிப்சத்துக்கு ஒரு வாழ்வு கிடைத்துவிட்டது, வெளியேறியதன் கதி என்ன என்று கேட்கிறாள். இதில் தெரிவும் இல்லை, பொருள்களை ஒருங்கே கொண்டுவந்து வைத்த வேதியியலாரின் கையில்தான் தெரிவு உள்ளது என்கிறாள். திருடனைச் சந்தர்ப்பம் உண்டாக்குவது போல உறவையும் சந்தர்ப்பமே உண்டாக்குகிறது என்பது அவள் வாதம். காப்டன் எழுத்துகளைக் கையிலெடுக்கிறான். ஒன்றோடொன்று பிணைந்த அ, ஆ. அவ்வாறே பிணைந்த இ, ஈ. இரு இணைகளையும் சேர்த்தால் துணைகள் மாறும் என்பது சூத்திரம்.

எடுவார்ட் அச் சூத்திரத்தை வைத்துக் கூறும் வருங்காலத்தைக் கவனிக்க வேண்டும். சார்லட் ‘அ’, தான் ‘ஆ’, தன்னைச் சற்றே அவளிடமிருந்து இழுக்கும் காப்டன் ‘இ’. ஆகவே சார்லட்டுக்குத் துணையாக ‘ஈ’ ஒன்று வேண்டும், அது அவளுடைய உறவுப்பெண் ஒட்டிலி என்கிறான். ஆண்கள் இருவரும் தோழமையில் இருக்க, பெண்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பார்கள் என்பது அவன் கணிப்பு. நடந்தது வேறு. ஒட்டிலி வந்ததும் அவளிடம் மனம் பறிகொடுத்தவன் எடுவார்டே. சார்லட்டின் மனமோ காப்டனிடம் சாய்கிறது. இப்புதினத்தைப் பற்றிப் பேசுவோர் பலர், காதல் என்பது வேதியியல் வினை போல் தவிர்க்க இயலாதது என்று கதே காட்டியதாக எழுதிவிடுகின்றனர். சூத்திரத்தை உற்சாகமாக ஏற்றுக்கொண்ட ஒரே பாத்திரம் அதைக்கொண்டு சொன்ன கணிப்பு பொய்த்தது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

சூத்திரத்தின் அறிவியலும் அந்நாளிலேயே ஆட்டம் கண்டிருந்தது. நெப்போலியனோடு 1798இல் எகிப்துக்குச் சென்ற பெர்த்தொல்லே என்னும் பிரெஞ்சு வேதியியலறிஞர், அங்குள்ள உவர் ஏரிக்கரைகளில் சோடா உப்பு குவிந்து கிடப்பதைக் கண்டார். உப்புநீரும் சுண்ணாம்புக்கல்லும் வினைபுரிந்து, பட்டியல்கள் கூறிய திசைக்கு எதிர்த்திசையில் அங்கே சேர்க்கை நடந்திருந்தது. ஒரு வினை எத்திசையில் செல்லும் என்பதைப் பொருள்களின் இயல்பு மட்டும் முடிவு செய்வதில்லை. அவற்றின் அளவும் வெப்பமும் சூழலும் சேர்ந்தே முடிவு செய்கின்றன என்று 1803இல் வந்த தமது நூலில் அவர் வாதிட்டார். அதாவது, சார்லட் சொன்ன சந்தர்ப்பம்! வேதியியலைப் பாடம் கேட்ட பெண்மணி, பாடம் நடத்திய ஆண்களைவிடப் புதிய வேதியியலுக்கு அருகில் நின்றாள் எனலாம். கதே இதை அறிந்தே எழுதினாரா என்று நாம் அடித்துச் சொல்லவில்லை. ஆயினும், தான் பத்தாண்டுகளுக்கு முன் படித்ததையே சொல்வதாகவும் புதிய கொள்கைகளோடு அது பொருந்துமா என்று தெரியாது என்றும் காப்டனைப் பேசவைத்தவர் அவரே. ஐந்தாண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறதே என்று எடுவார்டைச் சலித்துக்கொள்ள வைத்தவரும் அவரே.

கதையின் பிற்பகுதியில், சூத்திரத்தின் நான்கு எழுத்துகளிலும் இடம்பெறாத ஐந்தாவது உயிர் ஒன்று வருகிறது. கணவனும் மனைவியும் வேறு இருவரை மனத்தில் கொண்டு கூடியிருந்த இரவில் கருவான ஆண்குழந்தை, முகத்தில் காப்டனையும் கண்களில் ஒட்டிலியையும் ஒத்திருக்கிறது. எடுவார்ட் பிரிந்து சென்று போர்க்களத்தினின்று திரும்பி வந்து, மணவிலக்குக்கு வழிதேடுகிறான். அந்தி நேரத்தில் குழந்தையை ஒரு கையில் ஏந்தி ஏரியைப் படகில் கடக்க முயலும் ஒட்டிலி நிலை தடுமாறுகிறாள்; குழந்தை நீரில் விழுந்து இறக்கிறது. வேதியியல் வினையில் பொருள் எதுவும் அழிவதில்லை, இடம் மாறுவது மட்டுமே உண்டு. இங்கே ஒரு குழந்தை இறந்து கிடக்கிறது. உருவகம் உடையும் இடம் இதுவே. உடையும்படி விட்டதுதான் கதேயின் பெருமை. அதன்பின் சார்லட் மணவிலக்குக்கு இசைகிறாள், தடை ஏதுமில்லை, சூத்திரம் தன் வழியே முடியலாம். ஒட்டிலி மறுக்கிறாள். தன் பாதையை விட்டு விலகிவிட்டதாக உணர்ந்து, எடுவார்டை மணப்பதில்லை என்று உறுதி கொள்கிறாள். பேச்சையும் பின்னர் உணவையும் துறந்து இறக்கிறாள்.

நம் வாதத்துக்கு இடையூறான பகுதி ஒன்று இங்கு உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. மறுத்த பின்னரும், ஒரே கூரையின்கீழ் இருக்கையில் ஒட்டிலியும் எடுவார்டும் தம்மையறியாமலே ஒருவரையொருவர் நோக்கி நகர்ந்து அருகருகே நிற்பதாகக் கதே எழுதுகிறார். ஈர்ப்பு பொய்யல்ல. பெண்ணொருத்தியின் உண்ணாநோன்பைத் தூய்மையின் வெற்றியாகக் கொள்ளவும் நமக்குத் தயக்கமே. ஆயினும் ஈர்ப்பு உண்டு என்பது வேறு, ஈர்ப்பே கட்டளை என்பது வேறு. எடுவார்ட் இரண்டையும் ஒன்றாக்கினான். ஒட்டிலி ஆக்கவில்லை.

இறையியல் பயில்வோர் இப்புதினத்தில் தவறாது காண வேண்டிய பாத்திரம் ஒன்று உண்டு. முன்னர் போதகராயிருந்து, வழக்குகளைத் தீர்ப்பதையே தொழிலாகக் கொண்ட அவருக்கு மிட்லர் என்று பெயர். அச்சொல்லின் பொருளே மத்தியஸ்தர். சச்சரவு இல்லாத வீட்டில் தங்கவும் மாட்டார். குழந்தையின் திருமுழுக்கின்போது, முதிர்ந்த போதகர் தள்ளாடி நிற்பதையும் நோக்காமல் அவர் நீண்ட உரை நிகழ்த்துகிறார்; முதியவர் அங்கேயே சரிந்து இறந்துபோகிறார். இறுதியில், விபசாரத்தைத் தடைசெய்யும் கட்டளையை (லூத்தரன் எண்ணிக்கையில் ஆறாவது) அவர் விரிவாக விளக்கிக்கொண்டிருக்கும்போது ஒட்டிலி அறைக்குள் வருகிறாள். கேட்டுத் தன் அறைக்குத் திரும்புகிறாள். அன்றே அவள் உயிர் பிரிகிறது. மிட்லர் சொன்னதில் பிழையான போதனை எதுவுமில்லை. முன்னால் நிற்பவள் யார் என்று பார்க்காததே பிழை. வேதியியல் சூத்திரத்துக்கு எதிராகத் திருச்சபையின் சூத்திரத்தை நிறுத்தி மகிழ நினைக்கும் வாசகருக்கு கதே இடம் வைக்கவில்லை. எடுவார்டின் எழுத்துகளும் மிட்லரின் கட்டளையும் அப்பெண்ணை ஒரே விதமாகக் கடந்து சென்றன.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் பிரான்சில் எமிலி சோலா வேறு வழி சென்றார். ‘தெரேஸ் ராக்கன்’ புதினத்தின் இரண்டாம் பதிப்புக்கு 1868இல் எழுதிய முன்னுரையில், தாம் ஆராய்ந்தது குணங்களை அல்ல, உடலியல்புகளையே என்றும், அறுவை மருத்துவர் பிணங்களில் செய்வதைத் தாம் உயிருள்ள உடல்களில் செய்ததாகவும் கூறினார். 1880இல் வெளியிட்ட ‘பரிசோதனைப் புதினம்’ என்ற நூலிலோ, கிளாட் பெர்னார்டின் மருத்துவ ஆராய்ச்சி முறையை எடுத்துக்கொண்டு, மருத்துவர் என்ற இடத்தில் புதினாசிரியர் என்று மாற்றிப் படித்தால் போதும் என்னும் அளவுக்குச் சென்றார். உருவகம் தான் உருவகம் என்பதையே இங்கு மறந்துவிட்டது. சோதனைக்கூடத்தில் விளைவு ஆராய்ச்சியாளரின் விருப்பத்துக்கு மாறாகவும் வரக்கூடும். அதனால்தான் அது சோதனை. புதினத்தில் நிபந்தனையையும் விளைவையும் ஒரே கை எழுதுகிறது. எனினும் சோலா பெருங்கலைஞர். அவருடைய கதை அவருடைய முன்னுரைக்குக் கீழ்ப்படியவில்லை. கணவனை ஆற்றில் அமிழ்த்திக் கொன்ற தெரேசும் லோரானும் படும் வேதனை நரம்புக் கோளாறே என்கிறது முன்னுரை. கதையிலோ, பக்கவாதத்தால் பேச்சிழந்த தாய் நாற்காலியில் அமர்ந்து, தன் மகனைக் கொன்றவர்களைக் கண்ணிமைக்காது பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பார்வைக்கு உடலியலில் பெயரில்லை.

இதே காலத்தில் இங்கிலாந்தில் ஜார்ஜ் எலியட் ‘மிடில்மார்ச்’ புதினத்தைப் பகுதி பகுதியாக வெளியிட்டார் (1871-72). ஸ்ட்ராஸின் ‘இயேசுவின் வாழ்க்கை’யையும் ஃபாயர்பாக்கின் ‘கிறிஸ்தவத்தின் சாரம்’ நூலையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் என்ற முறையில் அவரை நம் வாசகர்கள் அறிவார்கள். சபையை விட்டு விலகிய அவ்வம்மையார் அறிவியல் உருவகத்தைக் கையாண்ட நிதானத்தைப் பிரசங்கியார் பலர் கற்றுக்கொள்ளலாம். இருபத்தேழாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் ஒரு நிலைக்கண்ணாடி வருகிறது. வேலைக்காரி துடைத்துத் துடைத்து அதன் பரப்பில் எண்ணற்ற நுண்கீறல்கள் எல்லாத் திசையிலும் விழுந்திருக்கின்றன. அதன்முன் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிப் பிடித்தால், கீறல்கள் அனைத்தும் அச்சுடரைச் சுற்றி அழகிய வட்டங்களாக ஒழுங்குபட்டதுபோல் தோன்றும். சுடரை நகர்த்தினால் வட்டமும் நகரும். உண்மையில் வட்டம் ஏதுமில்லை. ஒளி தனக்கிசைந்த கீறல்களை மட்டும் காட்டுகிறது. ஆசிரியர் இதை உவமைக்கதை என்றே பெயரிட்டு அழைக்கிறார்: கீறல்கள் நிகழ்ச்சிகள், சுடர் ஒருவரின் தன்னலம். தமையனின் காய்ச்சலும் வேறொரு மருத்துவரின் தவறும், தன்னையும் இளம் மருத்துவன் லிட்கேட்டையும் சேர்த்துவைக்கவே தெய்வ ஏற்பாட்டில் நிகழ்ந்தவை என்று ரோசமண்ட் எண்ணுகிறாள். தனக்கென்று தனியே ஒரு தெய்வ ஏற்பாடு வைத்திருப்பவள் அவள்!

இவ்வுருவகத்தின் திறம் எங்கே உள்ளது? ரோசமண்டைக் குற்றத்தினின்று விடுவிக்க இது பயன்படவில்லை. ‘என் இயல்பு அப்படி’ என்று அவள் சொல்லிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. ஒளியியல் உண்மையொன்று, ஒருவர் தம்மைத்தாமே ஏமாற்றிக்கொள்ளும் முறையை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு சாட்சிக்கூட்டத்திலும் நாம் கேட்கும் ‘எனக்காகவே கர்த்தர் அந்த ரயிலைத் தாமதப்படுத்தினார்’ என்ற கூற்று இதைப் படித்தபின் அத்துணை எளிதாக நாவில் வருவதில்லை. அந்த ரயிலில் வேறு பலரும் இருந்தார்கள்.

லிட்கேட்டின் கதையிலும் அறிவியல் அடிநாதமாக ஓடுகிறது. 1802இல் இறந்த பிரெஞ்சு உடற்கூற்றறிஞர் பிஷா, உடலுறுப்புகள் யாவும் சில அடிப்படைத் திசுக்களால் ஆனவை என்று காட்டியவர். அத்திசுக்களுக்கெல்லாம் மூலமான ஒரே திசு எது என்று தேடுவது லிட்கேட்டின் பேராவல். விடை காத்திருந்த முறையில் அவன் வினாவை அமைக்கவில்லை என்று ஆசிரியர் மெல்லக் கோடிட்டுவிடுகிறார். கதை நிகழ்வது 1829 முதல் 1832 வரை. ஷ்வானின் உயிரணுக் கொள்கை வந்தது 1839இல். மூலத்திசு என ஒன்று இல்லை. நுண்ணோக்கியின்கீழ் இத்தனை பொறுமையோடு பார்க்கத் தெரிந்தவன், தான் மணக்கப்போகும் பெண்ணை ஒருமுறைகூட அவ்விதம் பார்க்கவில்லை. ஆராய்ச்சியில் ஆதாரம் கேட்டவன் வீட்டில் அனுமானத்தால் திருப்தியடைந்தான். ஐம்பதாம் வயதில், செல்வர்களின் கீல்வாதத்தைப் பற்றி ஒரு நூல் எழுதிய மருத்துவனாக அவன் சாகிறான்.

இருபதாம் நூற்றாண்டில் மிக அதிகமாக உருவகமாக்கப்பட்ட அறிவியற் சொல் என்ட்ரோபி எனலாம். கிளாசியஸ் 1865இல், மாற்றத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை உருவாக்கினார். புறத்தோடு தொடர்பற்ற அமைப்பொன்றில் அது குறைவதில்லை. வெப்பம் எங்கும் சமப்பட்டபின் வேலை எதுவும் நடவாது. இதிலிருந்து பேரண்டத்தின் ‘வெப்ப மரணம்’ என்ற அச்சம் பிறந்தது. நாகரிகம் சிதைகிறது, சபை குளிர்கிறது என்பதற்கெல்லாம் இச்சொல் உவமையாயிற்று. ‘புறத்தோடு தொடர்பற்ற’ என்ற நிபந்தனையை இவ்வுவமைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. உயிர்வாழும் எதுவும் புறத்தோடு தொடர்பற்றதன்று.

அமெரிக்க எழுத்தாளர் தாமஸ் பிஞ்சன் 1960இல் வெளியிட்ட சிறுகதைக்குத் தலைப்பே ‘என்ட்ரோபி’. 1957 பிப்ரவரியில் வாஷிங்டன் நகரில் ஒரு கட்டடம். மேல்தளத்தில் காலிஸ்டோ என்பவர் செடிகளும் பறவைகளும் நிறைந்த தம் இல்லத்தைப் புறவுலகம் தீண்டாதபடி அடைத்துக்கொண்டு, ஓபாட் என்ற பெண்ணோடு வாழ்கிறார். வெளியே மூன்று நாளாக வெப்பநிலை 37 பாரன்ஹீட்டிலேயே (ஏறத்தாழ 3 செல்சியஸ்) அசையாது நிற்கிறது. மழையோ பனியோ அதை மாற்றவில்லை. வெப்ப மரணம் தொடங்கிவிட்டது என்று அவர் அஞ்சுகிறார். நோயுற்ற சிறு பறவையொன்றைத் தம் மார்பின் சூட்டினால் பிழைக்கவைக்க முயல்கிறார். கீழ்த்தளத்தில் முல்லிகன் என்பவர் வீட்டில் இரண்டு நாளாக ஓயாத விருந்துக் கூச்சல். இடையே சால் என்ற நண்பர் சன்னல் வழியே வந்து சேர்கிறார். செய்தித் தொடர்புக் கோட்பாட்டைப் பற்றி மனைவியோடு சண்டையிட்டு, அவள் எறிந்த வேதியியல் - இயற்பியல் கையேடு சன்னலை உடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டதாம். ‘அன்பு’ என்ற சொல்லே தகவலைச் சிதைக்கும் இரைச்சல் என்று அவர் விளக்குகிறார். அவர் மனைவி வீட்டை விட்டுப் போய்விட்டாள்.

கதை திறமையானது, ஆயினும் நமக்கு முழு மனநிறைவு தருவதில்லை. காலிஸ்டோவுக்கு ஒரு கருத்து உண்டு, ஒரு முகம் இல்லை. ஓபாட் இசையையும் ஒழுங்கையும் குறிக்க வந்தவளேயன்றி, காலையில் எழுந்து பசிக்கும் பெண்ணாகத் தோன்றவில்லை. பிஞ்சன் இதைத் தாமே ஒப்புக்கொண்டார் என்பது வியப்புக்குரியது. தம் இளமைக்கால கதைகளைத் தொகுத்து 1984இல் வெளியிட்டபோது முன்னுரையில், ஒரு கருப்பொருளையோ குறியீட்டையோ முதலில் வைத்துக்கொண்டு பிறகு மனிதர்களையும் நிகழ்ச்சிகளையும் அதற்கு இணங்கும்படி வளைப்பது தொடக்க எழுத்தாளர்கள் செய்யும் தவறு என்றும், இக்கதை அதற்கு எடுத்துக்காட்டு என்றும் எழுதினார். என்ட்ரோபியைப் பற்றித் தாம் அறிந்திருந்தது மேலோட்டமானதே என்பதையும் அவர் மறைக்கவில்லை. கருப்பொருளுக்கு மனிதரை வளைப்பது, புனைகதையில் கலைக்குறை. மேடையில், அழுதுகொண்டு வந்தவரின் துயரத்துக்கு இயற்பியல் விதியொன்றை உவமையாகக் கொடுத்து அனுப்பும்போது, அது கலைக்குறை மட்டுமன்று.

ஆயினும் இக்கதையின் முடிவில், ஆசிரியரின் திட்டத்தையும் மீறிய ஓர் உயிர்ப்பு இருக்கிறது. பறவை காலிஸ்டோவின் கைகளில் இறந்துவிடுகிறது. வெப்பம் கைமாறுவதும் நின்றுவிட்டதோ என்று அவர் செயலற்றுப் போகிறார். ஓபாட் தன் வெறுங்கைகளால் சன்னற்கண்ணாடியை உடைத்துவிட்டு, உள்ளும் புறமும் சமப்படும் கணத்துக்காகக் காத்திருக்கத் திரும்புகிறாள். திறனாய்வாளர்கள் பேசுவது இக்காட்சியைப் பற்றியே. நமக்கோ கீழ்த்தளத்து முல்லிகனே நினைவில் நிற்கிறார். அவருக்கு முன்னால் இருந்த வழிகள் இரண்டு: அலமாரிக்குள் புகுந்து பூட்டிக்கொண்டு விருந்தினர் தாமாகவே ஓய்ந்து போகும்வரை காத்திருக்கலாம், அல்லது ஒவ்வொருவராகச் சாந்தப்படுத்தலாம். முதல் வழி அவரை மிகவும் ஈர்த்தது. அவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். சண்டையிட்டவர்களை விலக்கினார், நீரில் மூழ்க இருந்த பெண்ணைப் படுக்கையில் சேர்த்தார், சாலோடு மீண்டும் பேசினார். பழுதாகியிருந்த குளிர்சாதனப் பெட்டியைச் சரிசெய்ய ஆளை வரவழைத்தார். வெப்ப இயக்கவியல் தன் நேரடிப் பொருளில், உருவகமாக இல்லாமல், இக்கதையில் இடம்பெறும் ஒரே பொருள் அந்தப் பெட்டிதான்.